இரவில் அணியும் தொடுவில்லை

நுழையும்முன்

மூக்குக்கண்ணாடி அணிந்த மாணவர் ஒருவரேனும் இல்லாத வகுப்பறை இன்று அரிது. அதைக் கழற்றிவிட்டுத் தெளிவாகக் காண வேண்டும் என்னும் விருப்பம் அவர்களுள் பலர்க்கும் உண்டு. இரவில் அணிந்து உறங்கிக் காலையில் கழற்றிவைத்தால், பகல் முழுவதும் கண்ணாடியின்றிக் காண உதவும் ஒருவகைத் தொடுவில்லை இப்போது வழக்கில் உள்ளது. அது எவ்வாறு செயல்படுகிறது, அது தரும் பார்வை எத்தகையது, அதனை அணிவோர் கவனிக்க வேண்டியவை யாவை என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

கிட்டப்பார்வை

கண்ணுக்குள் நுழையும் ஒளி, கண்ணின் உட்புறத்தே பின்பக்கம் அமைந்த விழித்திரையின்மீது குவிய வேண்டும். அவ்வாறு குவிந்தால்தான் உருவம் தெளிவாகத் தெரியும். வளர்ந்தவரின் விழிக்கோளம் முன்பின்னாக ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுடையது. சிலருக்கு வளரும் பருவத்தில் விழிக்கோளம் வேண்டிய அளவைவிட நீண்டுவிடுகிறது. அப்போது தொலைவிலிருந்து வரும் ஒளி விழித்திரையை அடையும் முன்னரே குவிந்துவிடுகிறது. கையிலுள்ள புத்தகம் தெளிவாகத் தெரியும். கரும்பலகை எழுத்தோ மங்கித் தெரியும். இக்குறையே கிட்டப்பார்வை எனப்படுகிறது.

வில்லை ஒளியைக் குவிக்கும் திறன் டயாப்டர் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. கண் 1 மில்லிமீட்டர் மிகுதியாக நீண்டால், ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் வரை கிட்டப்பார்வை உண்டாகும். 3 டயாப்டர் குறையுடைய ஒருவருக்குக் கண்ணாடியின்றி 33 சென்டிமீட்டர் வரையுள்ள பொருள்களே தெளிவாகப் புலப்படும். அதற்கு அப்பாலுள்ள முகமும் எழுத்தும் படிப்படியே மங்கும்.

டெல்லிப் பள்ளிகளில் 5 முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளிடம் நிகழ்த்தப்பெற்று 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, நூற்றுக்கு ஏறத்தாழ 13 குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை இருப்பதைக் காட்டியது. ஆகவே இது சிலருக்கு மட்டுமே உரிய சிக்கல் அன்று.

கண்ணின் முகப்பு

கண்ணின் முன்புறத்தில் கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல் வளைந்து, ஒளி ஊடுருவும் தன்மையுடன் விளங்குவது கருவிழிப்படலம். மருத்துவர் இதனைக் கார்னியா என்பர். கண்ணின் மொத்தக் குவிதிறன் ஏறத்தாழ 60 டயாப்டர். அதில் 43 டயாப்டர் அளவு இந்தப் படலத்தின் வளைவால் கிடைப்பது. எனவே இதன் வளைவு சிறிதளவு மாறினாலும் பார்வை மாறிவிடும்.

கருவிழிப்படலத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புடையது. அதன் மேற்புறத்தே அமைந்த மெல்லிய தோலடுக்கின் தடிப்பு 50 மைக்ரான் அளவே. அஃதாவது மில்லிமீட்டரை இருபது கூறாக்கினால் ஒரு கூறு. இப்படலத்தில் குருதிக் குழாய்கள் இல்லை. அதனாலேயே அது தெளிந்த நீர்போல் விளங்குகிறது. அதற்கு வேண்டிய உயிர்வளியின் பெரும்பகுதி, விழித்திருக்கும்போது காற்றிலிருந்து கண்ணீர்ப் படலத்தின் வழியாகக் கிடைக்கிறது.

ஒருவரின் கண்ணை உற்றுநோக்கினால் அதில் நோக்குபவரின் சிறிய உருவம் தெரியும். கண்மணியைப் பாவை என்று தமிழர் அழைத்தமைக்கு இவ்வுருவமே காரணம் என்பர். அவ்வுருவத்தைக் காட்டும் ஆடியாக அமைவது கருவிழிப்படலமே. போர்ச்சுகல் நாட்டுக் கண் மருத்துவர் அந்தோனியோ பிளாசிதோ 1880ஆம் ஆண்டளவில் இந்த இயல்பையே அளவைக்குப் பயன்படுத்தினார். கறுப்பும் வெள்ளையுமாக வட்டங்கள் வரைந்த தட்டைக் கண்ணின் முன் பிடித்து, கண்ணில் எதிரொளிக்கும் வட்டங்களை அவர் நோக்கினார். வட்டங்கள் நெருங்கியிருந்தால் அங்கு வளைவு மிகுதி. விலகியிருந்தால் வளைவு குறைவு. இன்று கணினியின் துணையால் கருவிழிப்படலத்தின் மேடுபள்ளங்களை வண்ணப்படமாக வரையும் கருவிகள் பலவும் இந்த வட்டங்களையே பயன்படுத்துகின்றன.

வில்லையின் வேலை

காண்டாக்ட் லென்ஸ் என்று வழங்கும் தொடுவில்லையைக் கொண்டு கருவிழிப்படலத்தின் வளைவைத் திருத்தும் முறையை 1962ஆம் ஆண்டில் அமெரிக்கப் பார்வை வல்லுநர் ஜார்ஜ் ஜெஸ்ஸன் எடுத்துரைத்தார். அக்காலத்து வில்லைகள் உயிர்வளியை ஊடுருவவிடாத கெட்டி நெகிழியால் ஆனவை. எனவே அவற்றைப் பகலில் மட்டுமே அணிய முடிந்தது. பயனும் சீராக அமையவில்லை. பின்னர், உயிர்வளியை எளிதில் ஊடுருவவிடும் கெட்டி நெகிழிகள் உருவாயின. வில்லையின் உட்புற வளைவை அமைக்கும் முறையும் மாறியது. 2002ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இரவில் அணியும் இத்தகைய வில்லைக்கு ஒப்புதல் அளித்தது. இம்முறை ஆர்த்தோகெரட்டாலஜி எனப்படுகிறது.

இவ்வில்லையின் நடுப்பகுதி, அணிபவரின் கருவிழிப்படலத்தைவிடத் தட்டையானது. அதனைச் சூழ்ந்துள்ள வளையம் அதைவிடச் செங்குத்தாக வளைந்தது. அதற்கும் அப்பாலுள்ள பகுதி கண்ணோடு ஒத்த வளைவுடையது. வில்லை நழுவாமல் நடுவில் நிற்க அது துணைபுரிகிறது. வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே கண்ணீர் மெல்லிய படலமாக நிற்கிறது. நடுவில் அப்படலம் மிக மெல்லியது. வளையத்தின் கீழ்ச் சற்றுத் தடித்தது. இந்த வேறுபாட்டால் நடுவில் மெல்லிய அழுத்தமும், வளையத்தின் கீழ் மெல்லிய இழுப்பும் உண்டாகின்றன.

ஓர் இரவு உறக்கத்தில், நடுவிலுள்ள தோலடுக்கு மெலிகிறது. அதனைச் சுற்றியுள்ள பகுதி தடிக்கிறது. காலையில் வில்லையைக் கழற்றும்போது கருவிழிப்படலத்தின் நடுப்பகுதி முன்னிருந்ததைவிடத் தட்டையாக இருக்கும். தட்டையான பரப்பு ஒளியைக் குறைவாகவே வளைக்கும். எனவே விழித்திரைக்கு முன்னரே குவிந்த ஒளி, பின்னே நகர்ந்து விழித்திரையில் குவிகிறது. முதல் இரவிலேயே மாற்றம் தெரியும். முழுப் பயன் கிடைக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகலாம்.

இம்மாற்றம் நிலையானது அன்று. வில்லை அணிவதை நிறுத்தினால் சில நாள்கள் அல்லது சில வாரங்களில் கருவிழிப்படலம் பழைய வடிவத்தை அடைந்துவிடும். விழிக்கோளத்தின் நீளமும் இதனால் குறைவதில்லை. ஆகவே இது கிட்டப்பார்வையை நீக்கும் மருந்து அன்று. நாள்தோறும் புதுப்பிக்க வேண்டிய திருத்தமே ஆகும்.

ஒரு சிறு கணக்கு

கண்ணில் எவ்வளவு அகலமான பகுதியைத் தட்டையாக்க முடியும்? இவ்வினாவுக்கு எளிய கணக்கு விடை தருகிறது. லேசர் கதிரால் பார்வையைத் திருத்தும் அறுவைக்காகச் சார்லஸ் மன்னர்லினும் உடன் ஆய்ந்தோரும் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட வாய்பாடு இது. திருத்த வேண்டிய பகுதியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்க வேண்டும். வரும் தொகையைத் திருத்த வேண்டிய டயாப்டரால் பெருக்கி, 3ஆல் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண், நடுவில் குறைய வேண்டிய தடிப்பை மைக்ரானில் தோராயமாகக் காட்டும்.

3 டயாப்டர் குறையை 4 மில்லிமீட்டர் விட்டத்தில் திருத்த 16 மைக்ரான் மெலிவு வேண்டும். அதே குறையை 6 மில்லிமீட்டர் விட்டத்தில் திருத்த 36 மைக்ரான் மெலிவு வேண்டும். மேல்தோலடுக்கின் மொத்தத் தடிப்போ 50 மைக்ரான்தான். இரவு வில்லைகளால் நடுவில் உண்டாகும் மெலிவு பொதுவாக 20 மைக்ரான் அளவைத் தாண்டுவதில்லை. சுற்றுப்பகுதி தடிப்பதும் வளைவு மாற உதவுவதால், கணக்கு காட்டுவதைவிடச் சற்று அகலமான பகுதி திருந்தலாம். ஆயினும் அடிப்படை மாறாது: திருத்த வேண்டிய குறை மிகுந்தால், திருந்தும் வட்டம் சுருங்கும். மிகுந்த கிட்டப்பார்வை உடையவர்க்கு இம்முறை அவ்வளவாகப் பொருந்தாமைக்கு இதுவே முதன்மையான காரணம்.

பகலும் இரவும்

கண்மணி ஒளிக்கேற்பச் சுருங்கி விரியும் தன்மையுடையது. நண்பகல் வெளிச்சத்தில் அதன் விட்டம் 2 அல்லது 3 மில்லிமீட்டராகச் சுருங்கும். இருளில் இளையோர்க்கு 7 மில்லிமீட்டர் வரையிலும் விரியும்.

பகலில் சுருங்கிய கண்மணி, திருந்திய வட்டத்தின் வழியாக வரும் ஒளியை மட்டுமே உள்ளே விடுகிறது. அதனால் பார்வை தெளிவாக இருக்கும். இரவில் கண்மணி விரியும்போது, திருந்திய வட்டத்திற்கு வெளியே தடித்து நிற்கும் வளையத்தின் வழியாகவும் ஒளி நுழைகிறது. நடுவழியாக வந்த ஒளி விழித்திரையில் குவியும். வளையத்தின் வழியாக வந்த ஒளியோ அதற்கு முன்னரே குவிந்து, விழித்திரையை அடையும்போது பரவிவிடும். ஒரே விளக்கின் ஒளி இருவேறு இடங்களில் குவிவதால், தெளிந்த உருவத்தைச் சூழ்ந்து மங்கலான ஒளிவட்டம் ஒன்று தோன்றும். இக்குறையை இயற்பியலார் கோளப்பிறழ்ச்சி என்பர்.

நிலவைச் சுற்றிச் சில இரவுகளில் தோன்றும் ஒளிவட்டத்தைத் தமிழில் ஊர்கோள் என்பர். அது வானத்து முகிலிலுள்ள நுண்ணிய பனிப்படிகங்களால் உண்டாவது. அங்கு நிற்போர் அனைவரும் அதனைக் காண்பர். தெருவிளக்கையும் எதிரே வரும் ஊர்தியின் விளக்கையும் சூழ்ந்து தோன்றும் இவ்வட்டமோ ஒருவர் கண்ணுக்குள்ளேயே உண்டாவது. அருகில் நிற்பவர்க்குத் தெரியாது.

வில்லை உறக்கத்தில் நடுவிலிருந்து விலகி நின்றால், திருந்திய வட்டமும் ஒரு பக்கமாக விலகிவிடும். அப்போது ஒளிப்புள்ளி ஒருபுறம் வால் நீண்டதுபோல் தோன்றும். எழுத்துக்கு நிழல் எழுத்து ஒன்று உடனிருப்பதுபோலும் தெரியும். வால்மீனை ஒத்த இத்தோற்றத்தால் இக்குறைக்குக் கோமா என்று பெயர். வில்லையை மாற்றி நடுவில் பொருத்தினால் இது குறையும்.

இன்னொரு மாற்றமும் உண்டு. காலையில் திருந்திய வடிவம், மாலை நெருங்க நெருங்கச் சிறிது சிறிதாகத் தளரும். எனவே சிலருக்கு மாலையில் தொலைவுப் பார்வை சற்றே மங்கலாம்.

எழுத்துப் பலகை காட்டுவதும் காட்டாததும்

கண் மருத்துவமனைச் சுவரில், மேலே பெரிய எழுத்தும் கீழே வரவரச் சிறிய எழுத்துமாக அமைந்த பலகை இருக்கும். அதனை 1862ஆம் ஆண்டில் உருவாக்கியவர் நெதர்லாந்து நாட்டுக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன். 6 மீட்டர் தொலைவில் இயல்பான கண் படிக்கக்கூடிய வரியைப் படித்துவிட்டால், பார்வை 6/6 என்று குறிக்கப்படும். இரவு வில்லை அணிவோருள் பலரும் இத்தேர்வில் நன்றாகவே தேறுகின்றனர்.

ஆயினும் அப்பலகையின் எழுத்துகள் வெண்மையின்மீது கருமையாக அச்சிடப்பட்டவை. உலகம் எப்போதும் அவ்வாறு இருப்பதில்லை. பனிமூட்டத்தில் வரும் மிதிவண்டியும், அந்தி இருளில் சாம்பல்நிறச் சாலையைக் கடக்கும் மனிதரும், மங்கிய படியின் விளிம்பும் பின்புலத்திலிருந்து சிறிதளவே வேறுபட்டுத் தெரிவன. இத்தகைய மெல்லிய வேறுபாட்டைக் கண்டறியும் ஆற்றலை அளக்க வேறொரு பலகை உண்டு. பெல்லி, ராப்சன் என்னும் இருவரின் பெயரால் வழங்கும் அப்பலகை 1988ஆம் ஆண்டு வெளியிடப்பெற்றது. அதில் எழுத்துகள் அனைத்தும் ஒரே அளவின. ஆனால் மூன்று மூன்றாக வரவர மங்கிக்கொண்டே செல்லும்.

ஜப்பான் நாட்டின் சுகுபா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தகாஹிரோ ஹிராவோகாவும் பிறரும் நிகழ்த்திய ஆய்வுகள், இரவு வில்லை அணிந்தோரிடம் ஒளிப்பிறழ்ச்சி மிகுவதையும், மங்கிய வேறுபாட்டை உணரும் ஆற்றல் குறைவதையும் காட்டின. திருத்தப்பட்ட டயாப்டர் மிகுதியாக இருந்தோர்க்கு இக்குறைவும் மிகுதியாக இருந்தது. எனவே 6/6 என்னும் குறிப்பு மட்டுமே பார்வையின் தரத்தை முழுமையாகக் காட்டிவிடாது. எவ்வளவு சிறிய எழுத்தைக் காண முடிகிறது என்பது ஒரு வினா. எவ்வளவு மங்கிய பொருளைக் காண முடிகிறது என்பது வேறொரு வினா.

ஒரே வளையம், இருவேறு பயன்

இத்தகைய குறைகள் இருந்தும், குழந்தைகளுக்கு இவ்வில்லையை மருத்துவர்கள் சிலர் பரிந்துரைப்பதற்குக் காரணம் என்ன? ஹாங்காங்கில் 6 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகளை ஈராண்டுகள் கவனித்து 2012ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், இவ்வில்லை அணிந்தோரின் விழிக்கோளம், கண்ணாடி அணிந்தோருடையதைவிட 43 விழுக்காடு மெதுவாக நீண்டது. கண் மிக நீளும்போது விழித்திரை இழுபட்டு மெலிகிறது. பிற்காலத்தில் அது கிழியும் வாய்ப்பும் மிகுகிறது. ஆதலால் கண் நீளும் விரைவைக் குறைப்பது பெரும் நன்மையாகும்.

இரவில் ஒளிவட்டத்தை உண்டாக்கும் அதே தடித்த வளையமே இந்நன்மைக்கும் காரணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அவ்வளையத்தின் வழியாக வரும் ஒளி, விழித்திரையின் ஓரப்பகுதிக்கு முன்னே குவிகிறது. இனி நீள வேண்டா என்னும் குறிப்பை அது கண்ணுக்கு உணர்த்துகிறது என்பது அவர்தம் விளக்கம். இவ்விளக்கம் இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. இவ்வாறு பார்வையின் தரத்தைச் சிறிது குறைக்கும் ஒன்றே, கண்ணின் வருங்காலத்தைக் காப்பதாகவும் அமையலாம்.

தூய்மையே காவல்

இமை மூடியிருக்கும்போது கண்ணுக்குக் கிடைக்கும் உயிர்வளி குறைவு. அந்நேரத்தில் வில்லையும் அணிந்திருப்பதால், கிருமி புகுந்தால் கருவிழிப்படலத்தில் புண் உண்டாகலாம். புண் ஆறினாலும் தழும்பு நிலைத்து, பார்வையைக் கெடுத்துவிடக்கூடும். அமெரிக்காவில் 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, இவ்வில்லை அணிவோருள் ஆண்டுக்கு 10,000 பேரில் ஏறத்தாழ 8 பேருக்கு இந்நோய் நேர்ந்தது; குழந்தைகளை மட்டும் கணக்கிட்டால் அந்த எண் ஏறத்தாழ 14. எண் சிறிதே, ஆனால் இழப்பு பெரிது.

ஆகவே பின்வரும் விதிகள் கட்டாயமானவை:

1. வில்லையைத் தொடும் முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, நன்கு உலர்த்த வேண்டும்.
2. குழாய்நீரோ குடிநீரோ வில்லையின்மீது படலாகாது. அக்கந்தமீபா என்னும் நுண்ணுயிர் நீரில் வாழ்வது. அது உண்டாக்கும் கண்நோயை ஆற்றுவது மிகக் கடினம்.
3. வில்லைக்குரிய கரைசலை நாள்தோறும் புதிதாக ஊற்ற வேண்டும். பழைய கரைசலோடு சேர்த்தல் கூடாது.
4. காலையில் வில்லை கண்ணோடு ஒட்டியிருந்தால் வலிந்து எடுத்தல் கூடாது. மருத்துவர் தந்த சொட்டுநீரை இட்டு, வில்லை அசையத் தொடங்கிய பின்னரே எடுக்க வேண்டும்.
5. கண் சிவந்தாலோ வலித்தாலோ வெளிச்சம் கண்டு கூசினாலோ அன்றிரவு வில்லை அணியாமல், உடனே மருத்துவரை நாட வேண்டும்.

தேர்ந்து தெளிதல்

இரவு வில்லை அனைவர்க்கும் ஏற்றது என்றும் கூறலாகாது. தீங்கானது என்று ஒதுக்கவும் வேண்டா. நீந்துவோர்க்கும் விளையாடுவோர்க்கும் பகலில் கண்ணாடி இல்லாத விடுதலை பெரிது. இரவில் ஊர்தி ஓட்டுவோர்க்கோ ஒளிவட்டம் பெரும் இடையூறாகலாம். தன் வில்லையைத் தானே தூய்மையாகப் பேண இயலாத சிறுவர்க்குப் பெற்றோரின் துணை நாள்தோறும் வேண்டும். குறையின் அளவு, கண்மணி விரியும் அளவு, தூய்மைப் பழக்கம், செலவு, மருத்துவரிடம் முறையாகச் செல்லும் வாய்ப்பு ஆகிய அனைத்தையும் எண்ணியே முடிவெடுத்தல் வேண்டும்.

வில்லை எதுவாயினும், நாள்தோறும் வெட்டவெளியில் சிறிது நேரம் விளையாடுவது குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பைக் குறைக்கிறது என்பது ஆய்வுகள் கண்ட உண்மை. அதற்கு மருத்துவச் சீட்டும் வேண்டா; பொருட்செலவும் இல்லை.

சொல்லும் பொருளும்

தொடுவில்லை – கண்ணின்மீது நேரே அணியும் வில்லை
கருவிழிப்படலம் – கண்ணின் முன்புறத்து ஒளி ஊடுருவும் படலம்
உயிர்வளி – ஆக்சிஜன்
ஆடி – முகம் காட்டும் கண்ணாடி
நெகிழி – பிளாஸ்டிக்
பிறழ்ச்சி – முறையினின்று மாறுதல்
ஊர்கோள் – நிலவையோ கதிரவனையோ சூழ்ந்து தோன்றும் ஒளிவட்டம்

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. கிட்டப்பார்வை எதனால் உண்டாகிறது?
2. கருவிழிப்படலம் தெளிவாக விளங்கக் காரணம் யாது?
3. பாவை என்னும் பெயர்க்குக் கூறப்படும் காரணம் என்ன?

ஆ. விரிவாக விடை தருக.
1. பகலில் தெளிவாகத் தெரியும் விளக்கு, இரவில் ஒளிவட்டத்துடன் தோன்றுவது ஏன்?
2. ஸ்னெல்லன் பலகையும் பெல்லி–ராப்சன் பலகையும் எவ்வாறு வேறுபடுகின்றன?

இ. கணக்கிடுக.
2 டயாப்டர் குறையை 5 மில்லிமீட்டர் விட்டத்தில் திருத்த வேண்டுமெனில், எத்தனை மைக்ரான் மெலிவு தேவை?

ஈ. எண்ணி எழுதுக.
கண்ணாடியை விட்டு இரவு வில்லைக்கு மாற விரும்பும் தோழர் ஒருவர், மருத்துவரிடம் கேட்க வேண்டிய ஐந்து வினாக்களை எழுதுக.